கைபேசி ஸ்டார்ட்டர்: மஞ்சள் தோட்டத்தில் ஓராண்டு

எங்கள் கிணறு வீட்டிலிருந்து முக்கால் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. தமிழ்நாட்டில் 1990 முதல் உழவர்களுக்கு மின்சாரம் இலவசம் என்றாலும், எங்கள் பகுதிக்கு மும்முனை மின்சாரம் பல நாட்கள் நள்ளிரவை ஒட்டித்தான் வந்து சேர்கிறது. டார்ச்சும் தடியுமாக வரப்பில் நடந்து, கண்ணாடி விரியனுக்குப் பயந்தபடி மோட்டார் கொட்டகைக்குப் போய், அங்கே மின்சாரம் வராததைக் கண்டு திரும்பிய இரவுகளுக்குக் கணக்கில்லை. தன் தாத்தா இப்படி அலைந்ததைக் கண்டுதான் புனேயின் சந்தோஷ் ஓஸ்ட்வால், கைபேசியிலிருந்தே மோட்டாரை ஓட்டவும் நிறுத்தவும் உதவும் 'நானோ கணேஷ்' என்ற கருவியை உருவாக்கினார். நான் வாங்கியது அதே வேலையைச் செய்யும் வேறொரு நிறுவனத்தின் கருவி; பொருத்தும் கூலியோடு 6,800 ரூபாய் ஆனது.

உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய இந்தப் பெட்டியை மோட்டாரை ஓட்டி நிறுத்தும் ஸ்டார்ட்டரின் பக்கத்தில் பொருத்தி, மும்முனை மின்சாரம் வரும் மூன்று ஃபேஸ் கம்பிகளையும் ஸ்டார்ட்டரின் ஆன், ஆஃப் முனைகளையும் இணைத்து, உள்ளே ஒரு சிம் கார்டைப் போட்டுவிட்டால் போதும். அதன் எண்ணுக்கு அழைத்தால், மின்சாரம் இருக்கிறதா, மோட்டார் ஓடுகிறதா என்பதைத் தமிழிலேயே சொல்லிவிட்டு, 1 அழுத்தினால் மோட்டாரை ஓட்டுகிறது, 2 அழுத்தினால் நிறுத்துகிறது. இது 2ஜி கருவி என்பதால், 2ஜி சேவையே இல்லாத ஜியோ சிம் இதில் வேலை செய்யாது. கடைக்காரர் இதைச் சொல்லாததால் எனக்கு இரண்டு நாள் வீணாயிற்று.

நடை மிச்சமாவதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது மோட்டாருக்குக் கிடைக்கும் காவல். எங்கள் 5 எச்.பி. மோட்டார் தண்ணீர் இறைக்கும்போது ஏறக்குறைய 7 ஆம்பியர் மின்னோட்டம் எடுக்கும். கிணற்றில் நீர் வற்றினால் பளு குறைந்து அந்த மின்னோட்டம் சட்டென்று இறங்கும். அந்த இறக்கத்தைக் கண்டதும் கருவி மோட்டாரை நிறுத்திவிட்டு என்னை அழைக்கிறது. சென்ற சித்திரையில் ஒரே வாரத்தில் மூன்று முறை அப்படி அழைத்தது. ஒரு ஃபேஸ் போய்விட்டாலும் உடனே நிறுத்திவிடுகிறது. முன்பு அப்படி ஒரு ஃபேஸ் போன இரவில், கேட்பாரில்லாமல் உறுமிக்கொண்டே இருந்து உள்ளே உள்ள கம்பிச் சுருள் கருகிப்போன மோட்டாரை நான் ரீவைண்டிங்குக்கு, அதாவது சுருளைப் புதிதாகச் சுற்றக் கொடுத்திருக்கிறேன்.

ஆனால் ஆட்டோ முறையை நம்பித் தூங்கியதில் எனக்கு நட்டமும் ஏற்பட்டது. போன மின்சாரம் திரும்பியதும் மோட்டார் தானாக ஓடத் தொடங்கியது. தண்ணீரை அடுத்த பகுதிக்கு மாற்றிவிடும் கேட்வால்வைத் திருப்ப ஆளில்லாததால் விடியும்வரை ஒரே பகுதிக்குத் தண்ணீர் பாய்ந்து, அங்கிருந்த மஞ்சளில் கிழங்கு அழுகல் கண்டது. மோட்டாரை வீட்டிலிருந்தே ஓட்டலாம், வால்வைத் திருப்ப ஆள்தான் போக வேண்டும் என்பதை விற்பவர்கள் முதலிலேயே சொல்ல வேண்டும். அதன் பிறகு டைமரில் இரண்டு மணி நேரம் வைத்துவிட்டுத்தான் படுக்கிறேன்.

ஐப்பசி இடி மழையில் உள்ளிருக்கும் போர்டு பழுதானபோது, பழுது நீக்குபவர் வர ஒன்பது நாள் ஆனது. அத்தனை இரவும் மீண்டும் டார்ச்சும் தடியும்தான். வாங்குகிறவர்கள் மின்னல் தாங்கியையும் சேர்த்துப் பொருத்திக்கொள்ளுங்கள். வேளாண்மைப் பொறியியல் துறை இத்தகைய கருவிகளுக்கு மானியம் தந்துவருவதால், கடைக்குப் போவதற்கு முன் அந்த அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள். நான் விசாரிக்காமல் முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டேன்.

கிணறு தொலைவில் இருப்பவர்களும் வீட்டில் வயதானவர்களே தண்ணீர் பாய்ச்ச வேண்டிய நிலையில் இருப்பவர்களும் இதைத் தயங்காமல் வாங்கலாம். கொட்டகை வாசலிலேயே வீடு உள்ளவர்களுக்கு ஃபேஸ் போனாலும் கிணற்றில் நீர் வற்றினாலும் மோட்டாரை நிறுத்தும் காவல் மட்டும் உள்ள சாதாரணப் பெட்டியே போதும். அது இதைவிட விலை குறைவு.