லூட் கணக்குக்கு ஆண்டுச் சந்தா கட்டிடாதீங்க: 11,328 ரூபாய் போச்சு

பாண்டி, கடலூர், நெய்வேலி பக்கம் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக் ஆன்லைன் கேம்ல கில்டு (சேர்ந்து ஆடற குழு) நடத்துறவங்க பணம் கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க. ரெய்டு (கூட்டமாப் போய் பெரிய எதிரியை அடிக்கறது) காலண்டர், ஆள் பட்டியல், லூட் பாயின்ட் (கிடைச்ச பொருளைப் பங்கு போடற கணக்கு), டிஸ்கார்டு பாட் (கில்டு அரட்டை ஆப்ல தானா வேலை பண்ற நிரல்) எல்லாம் ஒரே இடத்துலன்னு சொல்லி ஒரு வெப்சைட் ஆண்டுச் சந்தா விக்குது. அதை இங்க கேமிங் சென்டர் வச்சிருக்கற ஒருத்தர் மறுவிற்பனை பண்றார். ரெண்டு பேருமா சேர்ந்து எங்க கில்டு பணம் 11,328 ரூபாயை முழுங்கிட்டாங்க. பேர் போடல. எந்த மாதிரி இடம்னு புரிஞ்சா போதும். என்னென்ன பார்த்து வாங்கணும்னு கடைசியில விவரமா எழுதறேன்.

தலைக்கு 400, கட்டினது 24 பேர், ஆக 9,600. அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டின்னு 1,728. மொத்தம் 11,328. லாஸ்பேட்டை, அரியாங்குப்பம், மஞ்சக்குப்பம்னு இதுல பாதி பேர் காலேஜ் பசங்க. ஆளுக்கு 472 ரூபாய் ஜிபேல அனுப்பினாங்க.

எங்க கில்டு ஈபிஜிபி முறை. ரெய்டுக்கு வந்தா எஃபர்ட் பாயின்ட் (ஈபி) ஏறும், பொருள் எடுத்தா கியர் பாயின்ட் (ஜிபி) ஏறும். முதலாவதை ரெண்டாவதால வகுத்தா வர்ற எண் யாருக்குப் பெருசோ, அவங்களுக்குத்தான் அடுத்த பொருள். வாரம் ஒரு தடவை ரெண்டுலயும் 10 சதவீதம் குறைப்பு. ரெண்டும் ஒரே அளவுல குறையறதால வரிசை மாறாது. இந்த முறைக்கு உயிரே அதுதான்.

ஏமாந்த இடம் டெமோ. "உங்க பழைய ரெய்டு ஃபைல் ஒண்ணு குடுங்க அண்ணே, இங்கயே காட்டறேன்"னு அந்த சென்டர்காரர் சொன்னார். சேவ்டு வேரியபிள்ஸ் ஃபோல்டர்ல இருந்து ஆட்ஆன் (கேமோட சேர்ந்து ஓடற துணை நிரல்) எழுதின லுவா ஃபைலைக் குடுத்தோம். ஏத்தின உடனே ஆள் பேர், பாயின்ட், எடுத்த பொருள் எல்லாம் எங்க எக்செல் ஷீட்டோட ரெண்டு தசம இடம் வரைக்கும் பொருந்துச்சு. "ஒரு புள்ளி மாறல பாத்தீங்களா? நம்ம ஊரு பசங்களுக்குப் போய் தப்பா எதுவும் குடுப்பேனா?" அந்த ஒரு வார்த்தைக்குத்தான் 11,328 ரூபாய் போச்சு. அந்த ஃபைல்ல இருந்தது எல்லாமே மெயின் (ஒரு ஆளோட முக்கியமான) கேரக்டர், ஏத்தினதும் ஒரே ஆபீசர் (கில்டு நிர்வாகி). ஆல்ட் (அதே ஆளோட கூடுதல் கேரக்டர்) கிடையாது, ரெண்டாவது ஃபைல் கிடையாது. அந்த மாதிரி ஃபைலைக் குடுத்தா எந்த டூலும் தேறிடும்.

நிஜக் கணக்கு ஓட ஆரம்பிச்சதும் முதல்ல வந்தது ரெட்டைப் பதிவு. ரெய்டுல ரெண்டு ஆபீசர் ஆட்ஆன் ஓட்டுவாங்க, ஒருத்தருக்கு கரன்ட் போனா இன்னொருத்தர்கிட்ட இருக்கட்டும்னு. லாக்அவுட் பண்ணாலோ ரீலோடு அடிச்சாலோதான் கேம் அந்த ஃபைலை டிஸ்க்ல எழுதும், நடுவுல கிராஷ் ஆனா அன்னிக்குக் கணக்கு போச்சு. அதனால ரெண்டு பேரும் ஏத்துவாங்க. உருப்படியான டூல்னா ஒரே பாஸ் (ரெய்டுல அடிக்கற பெரிய எதிரி), ஒரே ஆள், ஒரே பொருள்னு பார்த்து ரெண்டாவது பதிவைத் தள்ளிடும். இது நேரத்தை மட்டும்தான் பார்த்துச்சு. ரெண்டு கம்ப்யூட்டர் கடிகாரத்துக்கும் சில செகண்ட் வித்தியாசம் இருந்தா, ஒரே பாஸைக் கொன்னதுக்கு ரெண்டு தடவை பாயின்ட்.

அதைக் கையால அழிச்சு சமாளிச்சோம். அடுத்து வந்ததை சமாளிக்க முடியல. வாராந்திரக் குறைப்பை அது ஆள் கணக்குல ஓட்டாம கேரக்டர் கணக்குல ஓட்டுது. ஈபி ஒரு ஆளுக்குப் பொது, ஜிபி கேரக்டருக்குத் தனித்தனி. ரெண்டு ஆல்ட் வச்சிருக்கறவருக்கு ஈபி மூணு தடவை வெட்டு, ஜிபி ஒரு தடவைதான் வெட்டு. அப்படி ரெண்டு ஆல்ட் வச்சிருக்கற எங்க மேஜ் (ஒரு மந்திரவாதி வகை) ஒருத்தர் 4000 ஈபி, 800 ஜிபி, விகிதம் 5.00. ஆல்ட் இல்லாத வார்லாக் (இன்னொரு மந்திரவாதி வகை) 3600க்கு 800, விகிதம் 4.50. குறைப்பு ஓடினதும் மேஜ் 2916க்கு 720, அதாவது 4.05. வார்லாக் 3240க்கு 720, அதே 4.50. வரிசை தலைகீழ். ஒவ்வொரு வாரமும் புது ஈபி சேர்ந்துக்கிட்டே இருந்ததால யாருக்கும் சட்டுனு தெரியல. புதுசா எதுவும் சேராம நாலு வாரம் இப்படியே ஓடினா 4000 ஈபி 1,130க்கு வந்துடும். சரியா ஓடியிருந்தா 2,624 இருக்கணும்.

எல்லாரும் காத்திருந்த கேஸ்டர் (மந்திரம் போடறவங்க) ஆயுதம் அந்த வரிசைப்படி வார்லாக்குக்குப் போச்சு. கேம்ல அந்தப் பொருளை ரெய்டுல இருந்தவங்களுக்குள்ள மாத்திக்க 2 மணி நேரம்தான் அவகாசம். தப்பு தெரிஞ்சப்ப அது தாண்டிடுச்சு. வார்லாக் மேல ஒரு குத்தமும் இல்ல, பாவம், அவர்தான் திட்டு வாங்கினார்.

இனி பதில்களைக் கேளுங்க. டிக்கெட் போட்டா "பிரவுசர் கேஷ் கிளியர் பண்ணுங்க". பண்ணோம். "ஆட்ஆன் பழைய வெர்ஷன்." புதுசு போட்டோம். "இந்தியா யுடிசிக்கு (உலகப் பொது நேரம்) அஞ்சரை மணி தள்ளி இருக்கறதால குறைப்பு ரெண்டு தடவை ஓடியிருக்கலாம்." அஞ்சரை மணி நேரம் எப்படிய்யா 0.9ஐ 0.729 ஆக்கும்? 0.9ஐ மூணு தடவை பெருக்கினாதான் அது வரும், அந்த மேஜுக்கு கேரக்டரும் மூணு. லாக், ஸ்கிரீன்ஷாட், மேல சொன்ன கணக்கு எல்லாத்தையும் அனுப்பினோம். டிக்கெட்டுல "தீர்க்கப்பட்டது"ன்னு போட்டு மூடிட்டாங்க.

பணத்தைத் திருப்பிக் கேட்டா "ஆண்டுத் திட்டத்துல ரீஃபண்ட் இல்ல, அடுத்த வருஷத்துக்கு கிரெடிட் தர்றோம்"னு பதில். ஓடாத டூலுக்கு இன்னொரு வருஷம்! சென்டர்காரர்கிட்ட போனா, "நான் லிங்க் குடுத்தவன்தானே அண்ணே, சாஃப்ட்வேர் அவங்களுது"ங்கறார். பணம் வாங்கின கியூஆர் யாரோடது? அப்புறம் மெசேஜ் பார்க்கறார், பதில் இல்ல. 1,728 ரூபாய் ஜிஎஸ்டி வாங்கினாரே, பில்லைப் பார்த்தா ஜிஎஸ்டி நம்பர் இருக்க வேண்டிய இடம் காலி. பாண்டிச்சேரில பதிவு பண்ண கடைன்னா அந்த 15 இலக்க நம்பர் 34ல தொடங்கணும், தமிழ்நாடுன்னா 33. பதிவே இல்லாதவர் வரின்னு ஒரு பைசா வாங்கக் கூடாது.

சரி, டேட்டாவையாவது எடுத்துக்கிட்டுப் போகலாம்னா அதுவும் நடக்கல. "எப்ப வேணா எக்ஸ்போர்ட்"னு விளம்பரம். வந்த சிஎஸ்வி ஃபைல்ல கடைசி இருப்பு மட்டும்தான். எந்தத் தேதி, எந்த பாஸ், எவ்வளவு ஏறுச்சு, எவ்வளவு இறங்குச்சுன்னு ஒரு வரி கிடையாது. லூட் பட்டியல்ல பொருளோட பேர் இருக்கு, ஐடி நம்பர் இல்ல. தண்டர்ஃப்யூரிங்கற வாள்னா 19019ன்னு நம்பர் இருந்தாதான் வேற ஆட்ஆன் வாங்கிக்கும். எங்க கில்டு தப்பிச்சது ஆபீசர் நோட்டால (கேம்ல ஒவ்வொரு கேரக்டருக்கும் ஆபீசர் எழுதி வைக்கற குறிப்பு). பழைய ஈபிஜிபி ஆட்ஆன் மெயினோட நோட்டுல "4000,800"ன்னும் ஆல்டோட நோட்டுல மெயின் பேரையும் எழுதி வச்சிருந்துச்சு. 31 எழுத்துதான் கொள்ளும், ஆனா அது கேம் சர்வர்லயே இருக்கு. அங்க இருந்து ஆரம்பிச்சு, ஆபீசர்கள் கம்ப்யூட்டர்ல இருந்த லுவா ஃபைல்களை வச்சு ஒவ்வொரு ரெய்டா திரும்ப ஏத்திக்கிட்டிருக்கோம்.

விவரமா எழுதறேன்னு சொன்னேன், இப்ப அதுக்குப் பொறுமை இல்ல. அவசரத்துக்கு இதை மட்டும் பாருங்க.

டெமோவுக்கு உங்க கில்டுலயே ரொம்பச் சிக்கலான வாரத்து ஃபைலைக் குடுங்க: ஆல்ட் வந்த ரெய்டு, ரெண்டு ஆபீசர் ஃபைல், நடுவுல ஒரு குறைப்பு. எக்ஸ்போர்ட்டையும் அப்பவே எடுத்துத் திறந்து பாருங்க. மாசா மாசம் கட்டற வசதி இல்லாத இடத்துல கட்டவே கட்டாதீங்க. ரெய்டு பதிவுக்கு இலவச பாட், லூட்டுக்கு கார்குல், ஆர்சி லூட் கவுன்சில் மாதிரி இலவச ஆட்ஆனே பெரும்பாலான கில்டுக்குத் தாராளம்.

"சரிபார்ப்புக்கு ஒரு ரூபாய்"னு யுபிஐ ஆட்டோபே மேண்டேட் (தானா பணம் எடுக்கற அனுமதி) கேப்பாங்க. அதிகபட்சத் தொகை 15,000ன்னு எழுதியிருந்துச்சு எங்களுக்கு. வெப்சைட்ல கேன்சல் அழுத்தினா பத்தாது, யுபிஐ ஆப்லயே போய் மேண்டேட்டை நிறுத்துங்க.

அவங்களோட டிஸ்கார்டு பாட்-க்கு அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி குடுத்திருந்தா இன்னிக்கே வெளிய தள்ளுங்க. அது உருவாக்கின வெப்ஹுக்கையும் (வெளியில இருந்து சேனல்ல மெசேஜ் போடற லிங்க்) தனியா அழிக்கணும், பாட் போனாலும் அது இருந்துக்கிட்டே இருக்கும். டிஸ்கார்டு ஆடிட் லாக் 45 நாள்தான் நிக்கும், அதுக்குள்ள ஸ்கிரீன்ஷாட் எடுத்துடுங்க.

புகாருக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆன்லைன் விற்பனையாளர் 48 மணி நேரத்துக்குள்ள புகார் கிடைச்சதுன்னு சொல்லணும், ஒரு மாசத்துக்குள்ள தீர்வு குடுக்கணும்னு 2020 இ-காமர்ஸ் விதி இருக்கு. அதுவும் நடக்கலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்க குடியிருக்கற மாவட்டத்துலயே போடலாம், 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது. இந்த ஆள் மூலமா கட்டினவங்க வேற கில்டுலயும் இருந்தா பில் போட்டோவும் யுபிஐ ரசீதும் எடுத்து வச்சு மெசேஜ் பண்ணுங்க. எங்க 11,328 ரூபாயோட உங்களுதையும் சேர்த்து ஒரே மனுவா போடலாம்.