மஞ்சள் காலிப்பரை மட்டும் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள்

பிரிட்டனில் பழைய போர்ஷே, ஃபெராரி போன்ற கார்களை வாங்கக் காத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். போர்ஷேயில் செராமிக் பிரேக்குக்கு அடையாளம் மஞ்சள் காலிப்பர், அதாவது சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை இருபுறமும் பேடுகளால் கவ்விப் பிடிக்கும் பாகம். "செராமிக் பிரேக், காரின் ஆயுள் முழுக்க வரும்" என்று விற்பவர் சொன்னால், டிஸ்க்கின் எடை எவ்வளவு என்று கேளுங்கள். தடிமன் அல்ல, எடை. எனக்குக் கார் விற்றவர்களிடம் இந்தக் கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை.

நான் வாங்கியது 2016-இல் பதிவான போர்ஷே கேமன் ஜிடி4. விற்றது, தென் இங்கிலாந்தில் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை மட்டும் கையாளும் ஒரு விற்பனை நிலையம். விளம்பரத்தில் "கார்பன் செராமிக் பிரேக், மிகச் சிறந்த நிலையில்" என்று போட்டு, அதற்கென்றே விலையையும் உயர்த்தி வைத்திருந்தார்கள். கார் ஓடிய தூரம் குறைவு. பிரேக் பேடுகள் புதியவை என்று அங்கிருந்தவர் தாமாகவே முன்வந்து காட்டினார்.

பிரேக் ஆயில் மாற்றுவதற்காகப் போர்ஷே வேலை அறிந்த ஒரு பணிமனையில் காரை விட்டபோதுதான் உண்மை வெளிவந்தது. மெக்கானிக் சக்கரங்களைக் கழற்றிவிட்டு என்னை அழைத்துக் காட்டினார். முன் டிஸ்க்குகளின் மேற்பரப்பு சொரசொரத்து, ஆங்காங்கே கார்பன் இழைகள் வெளியே தெரிந்தன. இரண்டையும் கழற்றித் துடைத்துத் தராசில் வைத்தார். டிஸ்க்கின் நடுப்பகுதியில் குறைந்தபட்ச எடை பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டுமே அதற்குக் கீழே இருந்தன. தடிமனை அளந்தால் குறையே இல்லை.

இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். வார்ப்பிரும்பு டிஸ்க் தேயத் தேய மெலியும், கண்ணுக்கே தெரியும். செராமிக் டிஸ்க் கெடுவது வேறு விதமாக. அது கார்பன் இழையையும் சிலிக்கான் கார்பைடையும் சேர்த்து உருவாக்கிய பொருள். சாலையில் ஓட்டும்போது எழும் வெப்பம் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. அந்த வகையில் நீண்ட ஆயுள் என்பது பொய்யில்லை. ஆனால் பந்தயத் தடத்தில் சுற்றுக்குச் சுற்று மிதித்துக்கொண்டே இருந்தால் டிஸ்க் பழுக்கக் காய்கிறது. அந்த வெப்பத்தில் காற்றிலுள்ள ஆக்சிஜன் கார்பனை எரித்துத் தின்கிறது. பருமன் அப்படியே இருக்க, எடை மட்டும் குறைந்துகொண்டே போகிறது. ஆகவே ஓடிய மைல் கணக்கு இங்கே எதையும் சொல்லாது. சில்வர்ஸ்டோன், பிராண்ட்ஸ் ஹேட்ச் போன்ற பந்தயத் தடங்களில் வாரயிறுதிகளைக் கழித்த கார், சில ஆயிரம் மைல்களிலேயே டிஸ்க்கைத் தீர்த்துவிடும். தடத்தில் அடிக்கடி ஓட்டும் போர்ஷே ஜிடி3, ஜிடி4 உரிமையாளர்கள் பலர் செராமிக் டிஸ்க்குகளைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு இரும்பு டிஸ்க் மாட்டி ஓட்டுவதன் காரணமும் இதுவே.

இனி விலை. புதுக் காருடன் இந்த பிரேக்கைத் தேர்ந்தெடுக்க அன்று கூடுதலாகச் சுமார் 5,000 பவுண்டு. உதிரிப் பாகமாக வாங்கினால் கதை வேறு. நான்கு டிஸ்க், பேடுகள், கூலி எல்லாம் சேர்த்து எனக்குக் கிடைத்த மதிப்பீடு 10,000 பவுண்டைத் தாண்டியது. இழையை அச்சில் அழுத்தி, காற்றில்லாமல் சூடாக்கி, பின்னர் 1,414 டிகிரி செல்சியஸில் உருகும் சிலிக்கானை உலையில் உறிஞ்ச வைத்து உருவாகும் பொருள் மலிவாகக் கிடைக்காது என்பது எனக்குப் புரிகிறது. தீர்ந்துபோன ஒன்றைக் காட்டி, விலையையும் உயர்த்தி என் தலையில் கட்டியதைத்தான் பொறுக்க முடியவில்லை.

விற்பனை நிலையத்தின் முதல் பதில்: "பிரேக் தேயும் பொருள், உத்தரவாதத்தில் வராது." அடுத்த பதில்: "கார் எம்.ஓ.டி. சோதனையில் தேறியிருக்கிறது." கார் சாலையில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் அந்தக் கட்டாயச் சோதனையில் சக்கரத்தைக் கழற்றுவதே இல்லை, எடை போடும் பேச்சுக்கே இடமில்லை. மூன்றாவதாக, தங்களுக்கு எதுவும் தெரியாது என்றார்கள். இதை நான் நம்பவில்லை. புதுப் பேடு மாட்ட வேண்டுமானால் சக்கரத்தைக் கழற்றியே ஆக வேண்டும். மாட்டிய கைக்கு எதிரிலேயே அந்தச் சொரசொரத்த டிஸ்க் இருந்திருக்கிறது.

அவர்கள் சொல்லாத சட்டம் ஒன்று உண்டு. 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வியாபாரியிடம் வாங்கிய பொருள் விளம்பரத்தில் சொன்னபடி இல்லையென்றால் 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். அதற்குப் பிறகும் ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறை, விற்கும்போதே இருந்ததாகவே கருதப்படும். இல்லை என்று காட்டும் பொறுப்பு விற்றவருடையது. பழுது பார்க்க ஒரு வாய்ப்பு மட்டும் அவர்களுக்கு உண்டு. தனிநபரிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்புகள் பெரும்பாலும் கிடையாது. ஆகவே விளம்பரப் பக்கத்தைப் பணம் கொடுப்பதற்கு முன்பே படமெடுத்து வையுங்கள். "மிகச் சிறந்த நிலையில்" என்ற அந்த வரிதான் இன்று என் வழக்கின் முதுகெலும்பு.

காலிப்பர் மஞ்சளாக இருப்பதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள், மஞ்சள் வண்ணத்தை யாரும் பூசலாம். தடத்தில் ஓடியதா என்று எழுத்தில் கேளுங்கள். சக்கரங்களைக் கழற்றி டிஸ்க்கின் விளிம்புகளைப் பாருங்கள். ஃபெராரி 2008 முதல் எல்லா மாடல்களிலும் செராமிக் பிரேக்கையே பொருத்தியது. அங்கேயும் இதே சோதனை வேண்டும்.

டயர் கடைகளிலும் கவனம் தேவை. கனமான சக்கரம் ஒருமுறை டிஸ்க்கின் விளிம்பில் இடித்தாலே சில்லுத் தெறிக்கலாம். அதைத் தவிர்க்க, போல்ட் துளைகளில் திருகிக்கொள்ளும் வழிகாட்டிக் கம்பிகளைப் போர்ஷே தருகிறது. அவற்றை நீங்களே எடுத்துக்கொண்டு போய், வேலை முடியும் வரை அருகில் நில்லுங்கள்.

என் காரில் இப்போது வார்ப்பிரும்பு டிஸ்க்குகள். பழையவற்றை எடைச் சீட்டுடன் பத்திரமாக வைத்திருக்கிறேன். வழக்கு முடியும் வரை யாருக்கும் கொடுக்க மாட்டேன். விற்பனை நிலையத்துக்கு நான் அனுப்பிய சட்டக் கடிதத்தின் மாதிரி வேண்டுவோர் கேளுங்கள், அனுப்பி வைக்கிறேன்.