லூட்டின் மெட்டு: குடல் நரம்பா, நைலானா?

வீணையில் மெட்டுகள், அதாவது தந்தியை அழுத்திச் சுரம் பிடிக்க உதவும் குறுக்குத் தடுப்புகள், மெழுகில் அமர்ந்திருக்கும். விரலால் மீட்டும் பழைய ஐரோப்பியத் தந்தி வாத்தியமான லூட்டிலோ, கழுத்தைச் சுற்றி இறுகக் கட்டிய நரம்பே மெட்டு. பழைய வழக்கம் ஆட்டுக் குடலில் முறுக்கிய நரம்பு. இன்று பலர் நைலான் கட்டுகிறார்கள். ஏழு வரிசைத் தந்திகள் கொண்ட என் லூட்டில் இரண்டையும் கட்டிப் பார்த்தேன். இப்போது இருப்பது குடல் நரம்பு.

நைலான் விலை குறைவு, எளிதில் கிடைக்கும், சீக்கிரம் தேயாது. அவசரத்துக்கு நல்ல துணை.

ஆனால் லூட்டின் மெட்டு நகர வேண்டியது. சுருதி முறைக்கேற்ப மயிரிழை தள்ளி வைப்போம். வைத்த இடத்தில் அது அசையாமல் நிற்கவும் வேண்டும். வழவழப்பான நைலான் இதில்தான் தோற்றது. கட்டியபோது விண்ணென்று இருந்தது, சில நாட்களில் நெகிழ்ந்தது. இடக்கை மேலும் கீழும் போகும்போது மூன்றாம் மெட்டு கூடவே நழுவியது. வாரந்தோறும் அவிழ்த்துக் கட்டி அலுத்துப்போனேன். குடல் நரம்பின் சொரசொரப்பு மரத்தைக் கவ்விக்கொள்கிறது. விரலால் அழுத்தித் தள்ளினால் மட்டுமே நகர்கிறது.

இறுக்கும் சூட்சுமம் கழுத்தின் வடிவில் இருக்கிறது. தலைப்பக்கம் கழுத்து ஒல்லி, உடல் பக்கம் பருமன். ஆகவே மெட்டு நிற்கவேண்டிய இடத்துக்குச் சற்று மேலே, ஒல்லியான பகுதியில் முடிச்சிட்டு, குறடால் இழுத்து, பிறகு கீழே தள்ளினால் தானாக இறுகும். நுனிகளை 3 மி.மீ. விட்டு நறுக்கிச் சுட்டால், முடி பொசுங்கும் வாடையோடு சிறு குமிழ் திரளும். அதன்பின் முடிச்சு உருவிக்கொள்ளாது. முதல் மெட்டுதான் படுத்தும். அதற்குத் தள்ளிவர இடமே இல்லை.

பருமனும் முக்கியம். 1610-இல் அச்சான குறிப்புகளில் ஆங்கிலேய லூட் கலைஞர் ஜான் டௌலண்ட், முதல் இரண்டு மெட்டுகளை நான்காம் தந்தியின் பருமனில் வைத்து, உடலை நோக்கிப் போகப்போக மெல்லியதாக்கச் சொல்கிறார். என் லூட்டில் முதல் மெட்டு 1 மி.மீ., எட்டாவது 0.7.

குடல் நரம்பின் குறையையும் சொல்லவேண்டும்: கம்பி சுற்றிய மந்தரத் தந்திகள் அதில் பள்ளம் பறிக்கின்றன, அந்த இடத்தில் தந்தி இரைகிறது. இரட்டைச் சுற்றாகக் கட்டினால் தேய்வு குறையலாம். ஒரே முறைதான் கட்டியிருக்கிறேன், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். என் கட்டு ஓராண்டு தாங்கியது. பள்ளம் விழுந்த இரண்டாம் மெட்டை மட்டும் போன வாரம் மாற்றினேன்.