சனியா, ஞாயிறா? ஓய்வுநாள் பற்றி ஓர் அலசல்

கிறிஸ்தவர்கள் ஓய்வுநாளாக ஆசரிக்க வேண்டியது சனியா, ஞாயிறா என்ற கேள்வி நம் பக்கத்திலும் பழையதுதான். 1857-இல் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் அருகே பிரகாசபுரத்தில் சட்டம்பிள்ளை என்ற உள்ளூர்க் கிறிஸ்தவர் மிஷனெரிகளை விட்டுப் பிரிந்து இந்து கிறிஸ்தவ சபையைத் தொடங்கினார். அந்தச் சபை சனிக்கிழமையையே ஓய்வுநாளாக ஆசரித்தது.

வசனத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் சனிக்கிழமைக்காரர்கள் கை ஓங்கியிருக்கிறது. யாத்திராகமம் 20-இல் உள்ள பத்துக் கட்டளைகளில் நான்காவதான ஓய்வுநாள் கட்டளை ஏழாம் நாள், அதாவது சனி, என்றுதான் சொல்கிறது. அதை வேறு நாளுக்கு மாற்றும்படி இயேசு எங்கும் சொல்லவில்லை. ஏழாம் நாள் அட்வென்டிஸ்டு சபையார் வெள்ளி மாலை பொழுது சாய்ந்ததிலிருந்து சனி மாலை வரை ஆசரிக்கிறார்கள். வெள்ளிக்கிழமை அவர்களுக்கு ஆயத்த நாள். சமையல், துணி துவைப்பது, கடைக்குப் போவது எல்லாம் இருட்டுவதற்குள் முடிந்துவிட வேண்டும். சனிக்கிழமை பரீட்சை வந்தால் நஷ்டம் அவர்கள் பிள்ளைகளுக்குத்தான். அந்த உறுதியை நான் மனதார மதிக்கிறேன்.

சரி, ஞாயிறுக்கு என்ன ஆதாரம்? இயேசு உயிர்த்தெழுந்தது வாரத்தின் முதலாம் நாள். துரோவா பட்டணத்தில் சீஷர்கள் அப்பம் பிட்கக் கூடியதும் அதே நாளில்தான் (அப்போஸ்தலர் 20:7). ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன்தான் நாளை மாற்றினான் என்று பலர் சொல்வார்கள். அது சரியல்ல. அவனுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே ஜஸ்டின் மார்ட்டர் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் ஞாயிறு ஆராதனையை விவரித்து எழுதியிருக்கிறார். 321-இல் கான்ஸ்டன்டைன் செய்தது, ஞாயிறை விடுமுறை நாளாக்கியது. அதிலும் உழவர்களுக்கு விலக்கு உண்டு. அதாவது ஞாயிறில் ஆராதனைதான் முதலில் வந்தது. சட்டப்படியான ஓய்வு பிறகுதான் சேர்ந்தது.

இங்கிலாந்தின் பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான புராட்டஸ்டன்டுகள் நான்காம் கட்டளை முழுவதையும் ஞாயிறின்மேல் ஏற்றினார்கள். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தகுதிச் சுற்று ஞாயிறில் வந்ததால் ஓட மறுத்த ஸ்காட்லாந்து வீரர் எரிக் லிடெல் அந்த வழியில் வளர்ந்தவர். (400 மீட்டரில் ஓடித் தங்கம் வென்றார்.) எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் சபையோ இரண்டு நாளையும் கனப்படுத்துகிறது.

நான் ஞாயிறுக்காரன். நாள் விஷயத்தில் ரோமர் 14:5 எனக்குப் போதும். அவனவன் தன் மனதில் நிச்சயித்துக்கொள்ளட்டும். ஆனால் ஓய்வு விஷயத்தில் நாம் தோற்றுவிட்டோம் என்றே நினைக்கிறேன். உபாகமம் 5-இல் அதே கட்டளைக்கு வேறொரு காரணம் இருக்கிறது: நீ எகிப்தில் அடிமையாக இருந்தாய், அதனால் உன் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாற வேண்டும். நாமோ கோயில் முடிந்து வந்து மட்டன் குழம்பு சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறோம். பாத்திரம் தேய்க்க வரும் அக்காவுக்கு வாரத்திலேயே அதிக வேலை அன்றைக்குத்தான்.

இப்போது எங்கள் வீட்டில் அட்வென்டிஸ்டுகளைப் பார்த்து, சனி மாலையே சமையலை முடிக்கிறோம். அக்காவுக்கு ஞாயிறு லீவு, சம்பளப் பிடித்தம் கிடையாது.