டெபாசிட் வைத்த துப்பாக்கியைக் கேட்காமலே 'பாலீஷ்' போட்டுக் கெடுக்கிறார்கள்: பெங்களூருக்காரர்கள் கவனத்துக்கு

தாத்தாவோ அப்பாவோ விட்டுப்போன பழைய வேட்டைத் துப்பாக்கி உங்கள் குடும்பத்தில் இருக்கிறதா? லைசென்ஸ் பெயர் மாறும்வரை பெங்களூரில் ஏதாவது ஆயுதக் கடையில் அதை டெபாசிட் வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் இந்த வாரமே நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். ஊரின் நடுவில், பல வருடமாக நடக்கும் ஒரு கடை, எங்கள் துப்பாக்கியை எங்களைக் கேட்காமலே பிரித்து, பஃபிங் அடித்து, புதுச் சாயம் ஏற்றி, ஒரு முக்கியமான பாகத்தையும் கழற்றிக்கொண்டு, கடைசியில் 18,500 ரூபாய்க்கு என் கையிலேயே பில்லைக் கொடுத்தது. புகார் விசாரணையில் இருப்பதால் கடைப் பெயரை இங்கே எழுதவில்லை. நடந்ததை மட்டும் அப்படியே எழுதுகிறேன்.

முதலில், என்ன போயிற்று என்பது புரிய வேண்டும். அது வின்செஸ்டர் 1894 மாடல், .30-30 தோட்டா போடும் லீவர் ரைஃபிள். ஜான் பிரவுனிங் வடிவமைத்தது. டிரிகரைச் சுற்றியிருக்கும் வளையத்தைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் பழைய கூடு வெளியே விழும், பேரலுக்கு அடியில் இருக்கும் குழாயிலிருந்து அடுத்த தோட்டா ஏறிக்கொள்ளும். அந்த மாடலில் பத்து லட்சமாவது துப்பாக்கியை 1927-ல் அமெரிக்க அதிபர் கூலிட்ஜுக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். எங்களுடையது எண்ணைப் பார்த்தால் அதற்குக் கொஞ்சம் முந்தியது. தாத்தா சிக்கமகளூர் பக்கம் காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக, அதாவது கணக்கெழுதுபவராக இருந்தார். துரை சீமைக்குத் திரும்பியபோது முறையாகத் தாத்தாவின் லைசென்ஸில் ஏற்றி விற்றுவிட்டுப் போனாராம். 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அது வேட்டைக்குப் போனதே இல்லை. அப்பா காலத்தில் ஆயுத பூஜைக்கு வெளியே வரும், எண்ணெய் போட்டுத் துடைத்துத் திரும்ப உள்ளே போகும். அவ்வளவுதான்.

இந்த வகைத் துப்பாக்கியின் பழைய தொழிற்சாலைப் பதிவேடுகள் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் 'கோடி' (Cody) என்ற நகரத்து அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எண்ணைக் கொடுத்தால் அந்தத் துப்பாக்கி எப்படி, எப்போது வெளியே போனது என்று கடிதம் தருவார்கள். ஆனால் 1894 மாடலுக்கு அங்கே இருக்கும் பதிவு 353999-வது எண்ணோடு நின்றுவிடுகிறது. எங்களுடையது அதையெல்லாம் தாண்டியது. ஆகவே அதன் வரலாறு முழுக்க அதன் உடம்பில்தான் இருந்தது: பேரலில் பொறித்த எழுத்து, ரிசீவர் என்ற நடு இரும்புக் கூட்டில் முட்டை வடிவ வட்டத்துக்குள் இருக்கும் சோதனை முத்திரை, தேய்ந்த இடம், தேயாத இடம். இதைத்தான் அவர்கள் பஃபிங் சக்கரத்தில் கொடுத்து அழித்தார்கள்.

அப்பா காலமானதும் நானும் அண்ணனும் சட்டப்படிதான் எல்லாம் செய்தோம். லைசென்ஸ்தாரர் இறந்த பின் அவர் துப்பாக்கியை வாரிசு வீட்டிலேயே வைத்துக்கொள்ளக் கூடாது. 1959 ஆயுதச் சட்டத்தின் 21-வது பிரிவுப்படி தாமதிக்காமல் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள டீலரிடமோ ஒப்படைக்க வேண்டும். ஸ்டேஷன் மால்கானாவில், அதாவது பொருள் வைக்கும் அறையில், மூலையில் சாத்திவிடுவார்கள், ஈரத்தில் துருப்பிடித்துப் போகும் என்று பயந்துதான் டீலரைத் தேர்ந்தெடுத்தோம். கொடுக்கும் அன்றைக்கு நான் எல்லாப் பக்கமும் படம் எடுத்தேன். "எண்ணெய்த் துணியால் துடைத்து வைத்தால் போதும், வேறு எதுவும் செய்ய வேண்டாம்" என்று வாயாலும் சொன்னேன், வாட்ஸப்பிலும் எழுதி அனுப்பினேன். "ஆயிற்றும்மா, நம்ம வீட்டு சாமான் மாதிரி" என்றார் கடைக்காரர்.

அடுத்தது ஆன்டிக் கதை. லைசென்ஸ் வேலை இழுத்துக்கொண்டிருந்தபோது அவரே போன் செய்தார். "எதுக்கும்மா இவ்வளவு அலைச்சல்? லேடீஸ் நீங்க, துப்பாக்கி லைசென்ஸ் வெச்சு என்ன பண்ணப் போறீங்க? முப்பதாயிரம் குடுங்க, ஆன்டிக் லெட்டர் ஒண்ணு வாங்கித் தர்றேன். ஹால்ல மாட்டிக்கலாம், யாரும் கேக்க மாட்டாங்க." இது சுத்தப் பொய். சட்டத்தின் 45-வது பிரிவில் பழம்பொருளுக்கு விலக்கு இருப்பது உண்மை. ஆனால் பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடவே முடியாத ஆயுதத்துக்குத்தான் அந்த விலக்கு. எங்கள் ரைஃபிள் நன்றாகச் சுடும் நிலையில் இருந்தது. அந்த லெட்டரை நம்பி ஹாலில் மாட்டியிருந்தால் லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் வைத்திருந்த குற்றம் என் தலையில் விழுந்திருக்கும். லெட்டர் கொடுத்தவர் கைகழுவியிருப்பார். இதே ஊரில் எத்தனை வயதானவர்கள் இப்படி ஒரு காகிதத்தைப் பத்திரமாக பீரோவில் வைத்திருக்கிறார்களோ என்று நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. அப்படி வைத்திருப்பவர் உங்கள் குடும்பத்தில் இருந்தால் உடனே ஒரு வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நான் மறுத்துவிட்டேன். 'நாட கச்சேரி' என்ற வருவாய்த் துறை அலுவலகத்தில் வம்சவிருட்சம் என்ற குடும்ப வாரிசுச் சான்று வாங்கி, இறப்புச் சான்றிதழ், அண்ணன் கையெழுத்திட்ட ஆட்சேபணையின்மைக் கடிதம், துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று எல்லாம் சேர்த்து இன்ஃபன்ட்ரி ரோடு கமிஷனர் அலுவலகத்தில் கொடுத்தேன். நாளானது, ஆனால் ஒழுங்காக நடந்தது. அங்கே என்னிடம் யாரும் ஒரு ரூபாய் கூடுதலாகக் கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். லைசென்ஸ் கைக்கு வந்ததும் அண்ணனோடு கடைக்குப் போனேன்.

உள்ளேயிருந்து எடுத்து வந்து மேஜையில் வைத்தபோது வேறு யாருடைய துப்பாக்கியோ என்றுதான் நினைத்தேன். கறுப்பாகக் கண்ணாடி மாதிரி மின்னியது. அந்தக் காலத்து வின்செஸ்டர் பேரலை மெதுவாகத் துருப்பிடிக்க விட்டு, துருவைச் சுரண்டி, மறுபடி துருப்பிடிக்க விட்டுத்தான் அந்த நீலக் கறுப்பை வரவழைப்பார்கள். பளபளக்காது, ஆழமாக இருக்கும். ரிசீவரின் அடியில், கையில் தூக்கிப் பிடிக்கும் இடத்தில், மூன்று பேர் கை பட்டு நிறம் போய்ச் சாம்பல் பூத்திருக்கும். அந்த இடம் இப்போது இல்லை. காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கொதிக்கும் தொட்டியில் முக்கியெடுக்கும் சூடான ப்ளூயிங் செய்திருக்கிறார்கள். பேரல் கறுப்பு, ரிசீவர் மட்டும் நாவல்பழ நிறம். குறிபார்க்கும் பின் சைட் செருகியிருக்கும் காடியின் ஓரத்திலும் ஸ்க்ரூ துளைகளிலும் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. சரியாகக் கழுவாமல் உள்ளே தங்கிய உப்பு அது. அப்படியே விட்டால் உள்ளிருந்தே அரித்துவிடும்.

பேரலில் 'நிக்கல் ஸ்டீல் பேரல், புகையில்லா மருந்துக்கென்றே செய்தது' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி பொறித்திருக்கும். அதில் பாதி எழுத்து கரைந்துவிட்டது. சோதனை முத்திரையில் முட்டை வட்டத்தின் ஒரு பக்கமே மிஞ்சியிருக்கிறது. கத்தி முனை மாதிரி இருந்த ரிசீவர் விளிம்புகள் சோப்புக்கட்டி போல உருண்டு போயிருந்தன. ஸ்க்ரூ தலைகளின் மெல்லிய காடிகளைப் பெரிய திருப்புளி போட்டுக் கிழித்திருக்கிறார்கள். மரத்தையும் விடவில்லை. அசல் வின்செஸ்டரில் இரும்பும் மரமும் சேரும் இடத்தில் மரம் ஒரு மயிரிழை மேலே நிற்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததில் அது இரும்புக்குக் கீழே இறங்கிவிட்டது. மேலே வார்னிஷ் வேறு. கரைந்த எழுத்தையும் தேய்ந்த இரும்பையும் எந்த மிஸ்திரியாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

அழகு போனதைவிடப் பெரிய விஷயம் பாதுகாப்பு. 1992-க்கு முந்திய வின்செஸ்டர் 94-ல் குறுக்கே தள்ளும் சேஃப்டி பட்டன் கிடையாது. எங்களுடையது மாதிரிப் பழையதில், சுடும்போது முன்னால் வந்து அடிக்கும் ஹேமரைப் பாதி இழுத்தால் ஒரு காடியில் நிற்கும், அந்த அரைக்காடிதான் அதன் முக்கியமான பாதுகாப்பு. தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டு அங்கேயே சோதித்தேன். ஹேமரை அரைக்காடியில் நிறுத்திக் கட்டைவிரலால் லேசாக அழுத்தினாலே வழுக்கி முன்னால் விழுந்தது. அப்பா காலத்தில் டிக்கென்று நின்ற காடி அது. யாரோ டிரிகரை 'ஸ்மூத்' ஆக்குகிறேன் என்று அரம் போட்டிருக்கிறார்கள். இதைச் சொன்னதும் "பழைய துப்பாக்கி அப்படித்தான்மா இருக்கும்" என்றார். தெரிந்தே சொன்ன பொய் இது. தோட்டா ஏற்றிய நிலையில் இப்படி வழுக்கினால் ஒரு உயிர் போகும்.

பின்னால், கைப்பிடிக்கு மேலே இருந்த லைமன் டாங் சைட் காணவில்லை. நிமிர்த்தி வைத்து ஓட்டை வழியாகப் பார்த்துக் குறிவைக்கும் சின்னக் கம்பி அது. அந்தக் காலத்துச் சாமான், தனியாகவே நல்ல விலைக்குப் போகும். அது இருந்த இடத்தில் இரண்டு புது ஸ்க்ரூவை முடுக்கித் துளையை அடைத்திருந்தார்கள். "இதுல அது இருந்ததே இல்லையே" என்று கடைக்காரர் சாதித்தார். அண்ணன் போனில் தேதியோடு இருந்த படத்தைக் காட்டியதும் பேச்சு மாறியது. "மிஸ்திரியைக் கேக்கணும்" என்றார்.

எந்த மிஸ்திரி? லீவர் வளையத்தில் மெல்லிய கம்பியால் ஒரு தகரச் சீட்டு கட்டியிருந்தது, எடுக்க மறந்திருக்கிறார்கள். பீன்யாவில் இருக்கும் ஒரு பிளேட்டிங் பட்டறையின் வேலை எண் அதில் குத்தியிருந்தது. என்னை நடுங்க வைத்தது இதுதான். துப்பாக்கியைப் பழுது பார்க்கவே ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவில் தனி லைசென்ஸ் வேண்டும். டெபாசிட்டாக வாங்கி வைத்த ஆயுதத்தை வெளியே பிளேட்டிங் பட்டறைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அங்கே என் அப்பா பெயரிலிருந்த துப்பாக்கி காணாமல் போயிருந்தால் போலீஸ் முதலில் எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டியிருக்கும்.

பில்லைக் கட்டாமல் தர மாட்டேன் என்றார். கூடவே ஒரு யோசனை வேறு: "ஒரிஜினல் ஃபினிஷ் போயிடுச்சு, இதுக்குத் தோட்டாவும் இங்க லேசுல கிடைக்காது. டெல்லி பார்ட்டி ஒருத்தர் இருக்கார், நாற்பதாயிரத்துக்கு எடுத்துப்பார்." ஆட்டம் முழுவதும் அப்போதுதான் விளங்கியது. முதலில் ஆன்டிக் லெட்டர், நடக்கவில்லை. பிறகு கெடுத்து வைத்து, கெட்டுப்போனதையே காரணம் காட்டி அடிமாட்டு விலைக்குக் கேட்பது. பில்லின் மேல் 'என் அனுமதியின்றிச் செய்த வேலை, ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்' என்று எழுதி, அதற்கு அவர் கையெழுத்தையும் வாங்கி, படம் எடுத்துக்கொண்டு, பணத்தைக் கட்டித் துப்பாக்கியை மீட்டோம். அந்தத் தகரச் சீட்டும் என்னிடம்தான் இருக்கிறது.

கமிஷனர் அலுவலக ஆயுதப் பிரிவில் எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் கொடுத்தாயிற்று. ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம், ஐந்து லட்சம் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். வாட்ஸப்பில் 'வேறு எதுவும் செய்ய வேண்டாம்' என்று நான் அனுப்பிய வரிதான் எங்கள் பக்கத்துக்கு முதல் பலம் என்று வக்கீல் சொன்னார்.

தேர்தல் நேரத்தில் துப்பாக்கியை டெபாசிட் வைப்பவர்களுக்கும் இது பொருந்தும். 'ரைஃபிள் ஒன்று, எண் இன்னது' என்று மட்டும் எழுதிய ரசீதை வாங்காதீர்கள். முன் சைட், பின் சைட், டாங் சைட், கட்டையின் பின்முனைத் தகடான பட் பிளேட், வார் மாட்டும் வளையம் என்று ஒவ்வொன்றும் அதில் இருக்கட்டும். 'பழுது, பாலீஷ் எதுவும் கூடாது' என்ற வரியையும் ரசீதிலேயே எழுதச் சொல்லி முத்திரை வாங்குங்கள். எழுத மறுத்தால் வேறு கடைக்குப் போங்கள். தோல் உறையில் போட்டு மட்டும் கொடுக்காதீர்கள், தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பெரியவர் உயிரோடு இருக்கிறார் என்றால் இன்னும் நல்லது: 70 வயது ஆகியிருந்தாலோ, துப்பாக்கியை 25 வருடம் வைத்திருந்தாலோ அவர் இருக்கும்போதே வாரிசு பெயருக்கு லைசென்ஸ் கேட்க 2016 ஆயுத விதிகள் இடம் கொடுக்கின்றன. டெபாசிட், கடை என்ற பேச்சுக்கே வேலை இல்லாமல் போகும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் பெயரில் இரண்டு துப்பாக்கிதான் இருக்கலாம், வாரிசாக வருவதற்கும் அதே கணக்கு என்பதை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

காணாமல் போன லைமன் சைட்டின் அடித்தட்டில் தாத்தா ஊசியால் கீறிய 'ர' என்ற எழுத்து இருக்கும், கம்பி இடப்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும். பெங்களூரிலோ டெல்லியிலோ யாராவது அப்படி ஒன்றை விற்க வந்தால் வாங்காமல், ஒரு படம் எடுத்து எனக்குத் தகவல் சொல்லுங்கள்.