மே மாத விடுமுறைக்கு அம்பையா, தென்காசியா, கம்பமா?

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டியில் போக 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும். பாஸ் இலவசம்தான், கையைக் கடிப்பது சீசன் வாடகை. நாலு பேர் ஐந்து நாள் தங்குவதென்றால், மலையடிவாரத்தில் பஸ் வசதியுள்ள சின்ன ஊராகப் பார்த்து ரூம் போடுவதுதான் கட்டுப்படியாகும். நான் எடைபோட்டது மூன்று ஊர்களை.

தென்காசி என்றதும் எல்லோருக்கும் குற்றாலம்தான் நினைவுக்கு வரும். ஐந்தே கிலோமீட்டர். சென்னையிலிருந்து பொதிகை ரயில் நேரே கொண்டுவந்து இறக்கிவிடும். ஆனால் மே மாதத்தில் அங்கே பெரும்பாலும் பாறையைத்தான் பார்க்கலாம். தென்மேற்குப் பருவமழை ஜூனில்தான் பிடிக்கும். பிள்ளைகள் யூனிஃபார்ம் மாட்டும் வாரத்தில் சாரல் ஆரம்பிக்கும்! கோடை மழையை நம்பியும் போக முடியாது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் ஒரு சிறுவனை அடித்துக்கொண்டு போய்விட்டது. அருவியை மறந்துவிட்டு, செங்கோட்டையிலிருந்து புனலூர் பக்கம் மலைக்குள் போகும் ரயிலில் ஏறி 13 கண் பாலத்தைப் பார்த்துவிட்டு வரலாம். அது ஒரு நாள். மீதி நாலு நாள்?

கம்பத்தில் அந்தக் கவலை இல்லை. குமுளிக்கு அடிக்கடி பஸ் உண்டு. காலையில் தேக்கடி போய்விட்டு ராத்திரி அடிவார வாடகையில் தூங்கலாம். சின்னமனூர் வழியாக மேகமலைக்கும் போய்வரலாம். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய பன்னீர் திராட்சை, தோட்டத்து வாசலிலேயே கிடைக்கும். குறை என்னவென்றால், ஊருக்குள் மத்தியான வெயில் சுடும். சுருளி அருவியில் கோடையில் தண்ணீர் இருந்தால் அதிர்ஷ்டம். குளிர்ச்சி வேண்டுமென்றால் தினமும் மலையேற வேண்டும். தலைசுற்றி வாந்தி எடுக்கும் பிள்ளை இருந்தால் யோசித்துக்கொள்ளுங்கள்.

என் ஓட்டு அம்பைக்கு, அதாவது அம்பாசமுத்திரத்துக்கு. வெயில் இங்கேயும் குறைவில்லை, ஆனால் தாமிரபரணி இருக்கிறது. பாபநாசம் அகத்தியர் அருவி கோடையிலும் வற்றாது. அம்பையிலிருந்து டவுன் பஸ்ஸிலேயே பாபநாசம் போகலாம். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட் கிடையாது என்பதால் பாதிக் குடும்பத்துக்குச் செலவே இல்லை. அருவி புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. செக்போஸ்ட்டில் பையைத் திறந்து பார்ப்பார்கள், சோப்பு ஷாம்பூ எடுத்துப் போகாதீர்கள். சாயங்காலம் வரை தள்ளிப்போடாமல் காலையிலேயே போய்விடுவது நல்லது.

பாபநாசம் படித்துறையில் மட்டும் எனக்கு மனத்தாங்கல் உண்டு. பரிகாரம் என்று ஆற்றில் விட்ட வேட்டியும் சேலையும் காலைச் சுற்றும். அதனால் ஆற்றுக்குளியலுக்கு அம்பைப் பக்கமே வந்துவிடுவோம். எந்தத் துறையில் ஆழம், எங்கே இழுக்கும் என்று உள்ளூர்க்காரர்களிடம் கேட்காமல் பிள்ளைகளை இறக்கக் கூடாது. ஒரு சாயங்காலத்தைத் திருப்புடைமருதூர் கோயிலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்: கோபுரத்துக்குள் பழைய சுவரோவியங்கள், வெளியே ஆறு. கோபுரத்துக்குள் விடுவார்களா என்பதை அங்கே கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

சென்னையிலிருந்து வருகிறவர்கள் திருநெல்வேலியில் இறங்கி செங்கோட்டை பாசஞ்சருக்கு மாறினால் போதும். திரும்பும்போது ஆற்றுக்கு அக்கரையில் கல்லிடைக்குறிச்சியில் ஏறிக்கொள்ளலாம். அப்பளம் வாங்கிக்கொண்டு வர அதுதான் வசதி.