கோவை ஏர்போர்ட் டு பாலக்காடு ஐஐடி: வாளையாறில் ஓரங்கட்டும் டாக்ஸி

பிள்ளையைப் பாலக்காடு ஐஐடியில் விட சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்கள் பீளமேடு ஏர்போர்ட்டில் இறங்கியதும் ஆப்பைத் திறந்து டாக்ஸி போடுவார்கள். அங்கே இருந்து ஒட்டிக்கொண்டு வந்த பழக்கம். ஐஐடி இருக்கும் கஞ்சிக்கோடு ஏறக்குறைய 50 கிலோமீட்டர்தானே! நீலாம்பூரில் பைபாஸ் ஏறினால் ஊருக்குள் நுழையாமலே மதுக்கரை, எட்டிமடை என்று வண்டி பறக்கும். கேரள எல்லையான வாளையாறுக்குச் சற்று முன்னால் டிரைவர் ஓரங்கட்டுவார். "சார், கேரளா பெர்மிட் போடணும். அது நீங்கதான் தரணும்."

தமிழ்நாட்டுக்குள் மட்டும் ஓட்டும் பெர்மிட் உள்ள வண்டி கேரளாவுக்குள் போகத் தனி பெர்மிட்டும் வரியும் வேண்டும். இது டிரைவரின் புரட்டு இல்லை, சட்டம். மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் போனிலேயே கட்டிவிடலாம், ஏர்போர்ட் வாசலிலேயே முடித்திருக்கலாம். ஆனால் சவாரி கேன்சல் ஆனால் காசு யார் தலையில் என்று பயந்து எல்லை வரும்வரை யாரும் தொடமாட்டார்கள். எல்லைக்கு வந்தபிறகுதான் சர்வர் சுற்றும், ஓடிபி வராது. டிரைவர் கணக்கில் பணம் இருக்காது. உங்களிடமோ வெளிநாட்டு சிம், யுபிஐ கிடையாது. பர்சில் டாலர் மட்டும் இருந்தால் கதை முடிந்தது.

சிங்கப்பூரிலிருந்து மலேசியாவின் ஜோகூருக்குப் போகும் டாக்ஸியும் தனி வகைதான். ஆனால் அது இரண்டு நாட்டு எல்லை, அங்கே ஏறும்போதே விஷயம் தெரியும். இங்கே ஒரே நாடு, பாதி வழியில் தெரிகிறது. எட்டிமடை அமிர்தா கேம்பஸுக்குப் போகிறவர்களுக்கு இந்தத் தலைவலியே கிடையாது, அது எல்லைக்கு இந்தப் பக்கம். 2017இல் ஜிஎஸ்டி வந்து வாளையாறில் மைல்கணக்கில் நின்ற லாரி வரிசை ஓய்ந்தது. டாக்ஸிக்காரர் பாடு மட்டும் அப்படியே கிடக்கிறது.

ஆகவே பெட்டியை டிக்கியில் வைக்கும் முன்பே "கேரளா பெர்மிட் போட்டாச்சாங்களா?" என்று கேளுங்கள். போட்டாச்சு என்றால் ரசீதைக் காட்டச் சொல்லி வண்டி நம்பரையும் தேதியையும் பாருங்கள். நள்ளிரவை ஒட்டி இறங்கும் விமானமென்றால் தேதிதான் முக்கியம். வாளையாறு தாண்டி பாம்பாம்பள்ளத்தில் டோல் இருக்கிறது, அது வாடகையில் சேர்த்தியா என்பதையும் அப்போதே பேசிவிடவேண்டும்.

பெட்டி குறைவென்றால் டாக்ஸியே வேண்டாம். ஏர்போர்ட்டிலிருந்து சித்ரா ஸ்டாப், அங்கிருந்து டவுன் பஸ், உக்கடத்தில் பாலக்காடு வண்டி. இரண்டு மாநில அரசு பஸ்ஸும் ஓடுகின்றன. டிக்கெட் வாங்கும்போதே கஞ்சிக்கோடு என்று சொல்லிவிடுங்கள், தமிழிலேயே பேசலாம்.

ரயிலில் வருகிறவர்கள் பாலக்காடு ஜங்ஷனுக்கு, அதாவது ஒலவக்கோட்டுக்கு, டிக்கெட் எடுப்பது உத்தமம். கஞ்சிக்கோட்டிலும் ஸ்டேஷன் உண்டு, எக்ஸ்பிரஸ் நிற்காது. பாலக்காடு டவுன் வேறு ஸ்டேஷன், அது பொள்ளாச்சி லைன். இன்னொன்று: கேரளா போகும் சில வண்டிகள் கோவை ஜங்ஷனுக்குள் வராமல் இருகூரிலிருந்து நேராகப் போத்தனூர் போய்விடும். கோவையில் ஏறப்போகிறவர்கள் இதைப் பார்க்காமல் டிக்கெட் போட்டால் பெட்டியோடு ஓட்டம்தான்.

ஒலவக்கோட்டில் இறங்கி ஆட்டோ பிடித்தால் மீட்டர் கணக்கு இதுதான். 2022 கட்டணப்படி முதல் ஒன்றரை கிலோமீட்டருக்கு 30 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 15. நகராட்சி எல்லை தாண்டி ஒருவழி போனால், குறைந்தபட்சக் கட்டணம் போக மீதிக்குப் பாதி கூடுதல், காலியாகத் திரும்புகிறாரே அதற்கு. கஞ்சிக்கோடு வரை 13 கிலோமீட்டர் என்றால் மீட்டர் 200 ரூபாய் சொச்சம் காட்டும், நீங்கள் 290 கொடுக்கவேண்டும். அதற்குச் சண்டை போடாதீர்கள். இரவு 10 முதல் காலை 5 வரை தனிக் கணக்கு, அப்போது தொகையை ஏறும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.